கட்டைவிரலில் ஒரு கோடு

வீடியோவை நிறுத்தி, இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினால் அந்தக் கோடு தெரிந்தது. ஷீலாவின் வலது கட்டைவிரலைச் சுற்றி, முதல் மூட்டுக்குச் சற்றுக் கீழே, மயிரிழை மாதிரி. அடையாறில் ஒரு பிறந்தநாள் விழாவில் அவள் மேஜிக் காட்டி மஞ்சள் பட்டுக் கைக்குட்டையை மறைய வைத்தபோது விருந்தினர் ஒருவர் எடுத்த வீடியோ அது. ‘கட்டைவிரலைக் கவனியுங்கள்’ என்று எழுதிப் பலருக்கும் அனுப்பிவிட்டார்.

அவளுக்கு நிகழ்ச்சிகள் பிடித்துத் தருகிற ஆனந்தகுமாருக்கும் அது போய்ச் சேர்ந்தது. அடுத்து தி.நகரில் ஒரு கல்யாண ரிசப்ஷன். அங்கேயும் மாட்டிக்கொண்டால் இனிமேல் வேறு ஆளைத்தான் அனுப்புவேன் என்று சொல்லிவிட்டான். அந்த மண்டபத்து மேடையை ஒட்டிப் பெரிய எல்.இ.டி. திரை உண்டு. அதில் அவள் கட்டைவிரல் ஆள் உயரத்துக்கு நிற்கும். வித்தையை மாற்றவும் வழியில்லை. மணப்பெண் அனன்யா கேட்டதே கைக்குட்டை வித்தையைத்தான்.

மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பின்னால் மேஜிக் சாமான் செய்து விற்கும் ஹம்மாத் பாயிடம் போனாள். அவளுக்கு ‘தம்ப் டிப்’ செய்து கொடுத்தவர் அவர்தான். கட்டைவிரலில் தொப்பி போல மாட்டுகிற, உள்ளே காலியான ரப்பர் உறை அது. முதலில் அது இடது கை முஷ்டிக்குள் ஒளிந்திருக்கும். கைக்குட்டையை அதற்குள் திணித்து, கடைசியாகக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினால் உறை விரலோடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். பிறகு இரண்டு கையையும் விரித்துக் காட்டலாம்.

பழைய காலத்தில் இதைத் தகரத்தில் செய்து வண்ணம் பூசினார்கள். மேடை விளக்கு மங்கல், முதல் வரிசையும் தள்ளி இருந்தது, யாருக்கும் தெரியவில்லை. அன்றைய வித்தைக்காரர்களுக்குக் கோட்-சூட்டின் நீளக் கையும் உள்பைகளும் வேறு இருந்தன. புடவை கட்டி மேடையேறும் ஷீலாவுக்குப் பொருளை ஒளிக்க விரல்நுனியை விட்டால் இடம் கிடையாது.

நிறம்தான் சரியில்லை என்று பாய் நினைத்தார். வெளிநாட்டு உறைகளின் ரோஸ் நிறம் நம் ஊர்க் கைக்குப் பொருந்தாது. அவள் கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பழுப்பும் மஞ்சளும் கலந்து கலந்து பார்த்தார். கடைசியில் விரல் எது, உறை எது என்று அவருக்கே குழம்புகிற அளவுக்கு நிறம் வந்தது. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினார்கள். கோடு அப்படியே இருந்தது.

“கலர்ல கொறையே இல்லம்மா,” என்றார் பாய். “ஒரு சாமான் முடியிற எடத்துல கோடு இருக்கத்தான் செய்யும். அதை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?”

“அப்ப இன்னா பாய், கோட்டோடவே மேடையேற சொல்றீங்களா?”

பாய் தூரிகையைக் கழுவி வைத்தார்.

கல்யாணத்துக்கு முன்பாக, நிகழ்ச்சி பற்றிப் பேச மயிலாப்பூரில் அனன்யாவின் வீட்டுக்குப் போனாள். கூடம் முழுக்க மருதாணி வாசனை. அனன்யாவின் அம்மா ஜெயலக்ஷ்மி விழுதுக் கிண்ணத்தோடு வந்து, கையை நீட்டச் சொன்னார். ஷீலா சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். விரல் சிவந்தால் பாய் பாடுபட்டுக் கொண்டுவந்த நிறம் வீணாகிவிடும்.

“ஆத்துல கல்யாணம் நடக்கறது, வெறுங்கையோட நிக்கறியேம்மா,” என்றார் ஜெயலக்ஷ்மி.

அவருடைய விரல்கள் முன்தினமே சிவந்திருந்தன. ஒவ்வொரு விரலிலும் தொப்பி போட்டாற்போல நுனி மட்டும் சிவப்பு. அது முடிகிற இடத்தில் விரலைச் சுற்றி ஒரு கோடு. ஷீலா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பளிச்சென்று தெரிந்தது. ஆனால் அது ஏன் அங்கே இருக்கிறது என்று எவரும் கேட்கப்போவதில்லை.

“இட்டுக்கிறேன் மாமி. கொஞ்சம் வீட்டுக்கு எடுத்துக்கினு போலாமா?”

“ஏன், உங்காத்துக்காரர்தான் இட்டுவிடணுமாக்கும்?” என்று சிரித்துக்கொண்டே வாழையிலையில் மடித்துக் கொடுத்தார்.

வீட்டில் உறையை மாட்டி, அது முடிகிற இடத்தில் பேனாவால் விரலைச் சுற்றிக் கோடு போட்டாள். உறையைக் கழற்றிவிட்டு அந்தக் கோடு வரை மருதாணி வைத்தாள். மற்ற விரல்களுக்கும் அப்படியே தொப்பி. மறுநாள் சிவந்த கையோடு பாயிடம் போனபோது அவர் முதலில் தலையில் கைவைத்துக்கொண்டார். விஷயத்தைக் கேட்டதும் செங்காவியில் துளி கறுப்புக் கலந்து புது உறை செய்ய உட்கார்ந்துவிட்டார். மருதாணி நகத்தில் ஆரஞ்சாகப் பிடிக்கும் என்பதால் உறையின் நகத்தை மட்டும் வெளிறிய ஆரஞ்சில் தீட்டினார்.

ரிசப்ஷனில் கைக்குட்டை மறைந்தது. திரையில் பத்து விரல்களும் விரிந்து நின்றன. திரைக்கு நேர் கீழே கட்டைவிரலை விட்டுக் கண்ணெடுக்காமல் நின்ற ஆனந்தகுமார், அடுத்த மாதம் எந்தெந்தத் தேதிகளில் வரமுடியும் என்று அன்றைக்கே கேட்டான்.

கோட்டை அவர்கள் அழிக்கவில்லை. உறையின் விளிம்பு முடிகிற இடத்திலேயே மருதாணியும் முடிகிறது. உறைக்கும் அதே சிவப்பு. அதனால் உறையின் விளிம்பைப் பார்க்கிறவர்கள் மருதாணியின் விளிம்பைத்தான் பார்க்கிறார்கள்.