இடது பக்கத்துச் சீற்

வெள்ளிக்கிழமையோடு காரின் வொறன்ரி முடிகிறது என்று கொழும்பிலிருந்து மகள் சுவேதினி ஒரு கிழமையாக என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்த இடது சீற்றின்ர சென்சர் பழுது. இப்ப குடுத்தால் கம்பனி சும்மா மாத்தித் தரும். சனிக்கிழமை போய்க் கேட்டால் சிரிப்பாங்கள்."

"பழுதில்லைப் பிள்ளை."

"ஆரும் இல்லாத சீற்றுக்கு பெல்ற் போடு எண்டு கத்துது. அது பழுதில்லையே?"

போனை வைத்துவிட்டேன். பெற்ற பிள்ளைக்குக்கூட எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது.

அந்தக் கார் என் மனுசன் வாங்கியது. எண்ணெய்க்கு வரிசையில் நின்று நின்று வெறுத்துப் போனவர், வெளிநாட்டு வாகனங்கள் திரும்ப வரத் தொடங்கியதும் கரண்டில் ஓடும் கார் ஒன்றைக் கொண்டுவந்து ஓலைத்தொடுவாயில் எங்கள் வாசலில் நிறுத்தினார். எனக்கு ஓட்டப் பழக்கியதும் அவர்தான். நான் ஓட்ட, இடது பக்கத்தில் இருந்து குறை சொல்லுவார். பெல்ற் மட்டும் போடமாட்டார். கார் டிங் டிங் என்று கத்தும். "கத்தட்டும், அதுக்கு வேறென்ன வேலை?" என்பார். கடைசியில் நான்தான் குனிந்து இழுத்துப் போட்டுவிட வேண்டும். மழைக்கு முன்னம் ஒரு பகல், சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்த மனுசன் எழும்பவில்லை.

கார்த்திகையில், மரித்த ஆன்மாக்களின் நாளன்று அவரை அடக்கிய சேமக்காலைக்குப் போனேன். சனம் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்திவிட்டுக் கலைந்துவிட்டது. வாடைக்காற்றில் பாதித் திரிகள் அணைந்து கிடந்தன. தனியே வீடு திரும்ப எனக்கு மனம் வரவில்லை. காரின் இடது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, கல்லறைகளைப் பார்த்து, "இஞ்சாருங்கோ, வாங்கோ வீட்டை போவம்" என்று கூப்பிட்டேன். விசரி என்று யாரும் சொல்லிவிட்டுப் போகட்டும். கதவைச் சாத்திக் காரை எடுத்தேன். டிங் டிங் என்று கத்தத் தொடங்கியது.

அழுதேன், சிரித்தேன், குனிந்து பெல்ற்றை இழுத்துப் போட்டேன். சத்தம் நின்றது.

அன்றிலிருந்து ஒவ்வொரு பயணமும் அப்படித்தான். நானாட்டானில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போகும்போது வழி நெடுகக் கதைப்பேன். கூடி வாழ்ந்த காலத்தில் அவரிடம் சொல்லாமல் விழுங்கியதையெல்லாம் சொன்னேன். பாலத்தில் ஏறியதும் அந்தப் பக்கத்துக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிடுவேன். அவருக்குக் கடற்காற்று பிடிக்கும். அப்படியிருக்க, அந்தச் சென்சரைக் கழற்ற எப்படி விடுவேன்?

என்னைக் கேளாமலே வியாழக்கிழமை ரிஸ்கானை அனுப்பிவிட்டாள் மகள். தகப்பனின் பிடிவாதம். ரிஸ்கான்தான் கம்பனிக்காக மன்னாரில் இந்தக் கார்களைப் பார்ப்பவர். ஒரு சின்ன மெசினைக் காரில் பொருத்தி நெடுநேரம் பார்த்தார்.

"அன்ரி, சென்சரில பிழை ஒண்டும் இல்லை. வெறும் சீற் எண்டால் சைபர் காட்டும். இது பாரம் காட்டுது."

"எனக்குத் தெரியும்" என்றேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

"சின்னப் பிள்ளையள் ஆரும் ஏறினதோ?"

"ஏன்?"

"இந்த மஞ்சள் லைற்றைப் பாருங்கோ. பெரிய ஆள் இருந்தால் இது எரியாது. சின்னப் பிள்ளை இருந்தால்தான் எரியும்."

அந்த லைற் கார்த்திகையில் இருந்தே எரிகிறது. நான்தான் ஏனென்று கேட்கவில்லை. என் மனுசன் வாசலை அடைக்கும் உடம்புக்காரர்.

ரிஸ்கான் சீற்றைத் தொட்டவர் கையைச் சட்டென்று எடுத்தார். கார் வேம்பின் நிழலில்தான் நின்றது. "சூடாக் கிடக்கு" என்றார். வாய்க்குள் ஏதோ ஓதினார். "நாளைக்குப் பின்னேரத்துக்குள்ள சொல்லுங்கோ அன்ரி. பிழை எண்டே எழுதிவிடுறன். மாத்தித் தருவாங்கள்."

அவர் போன பிறகு நான் காருக்குக் கிட்டப் போகவில்லை. இவ்வளவு காலமும் நான் கதைத்ததையெல்லாம் இருந்து கேட்டது யார்?

பிறகுதான் பிடிபட்டது. நான் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. எங்கள் காலத்துப் பெண்கள் புருசனின் பெயரைச் சொல்லமாட்டார்கள். வீட்டில் இஞ்சாருங்கோ என்றால் அவருக்குத் தெரியும். சேமக்காலையில் அது யாரைக் கூப்பிடுகிறது? வாசலோடு முதல் வரிசையில் இருப்பவை பிள்ளைகளின் கல்லறைகள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டை போவம் என்றால் எந்தப் பிள்ளைதான் ஏறாது?

வெள்ளிக்கிழமை மத்தியானம் சேமக்காலை வாசலில் காரை நிறுத்தினேன். பிள்ளையை இறக்கிவிட்டு அவரை ஏற்றிக்கொண்டு போவதுதான் என் எண்ணம். அவர் வந்துவிட்டால் வொறன்ரி எக்கேடு கெட்டாவது போகட்டும். வராவிட்டால் ரிஸ்கான் எழுதட்டும். பிள்ளையின் பெல்ற்றைக் கழற்றினேன். கார் கத்தியது. இடது கதவைத் திறந்தேன்.

"இறங்கு பிள்ளை. உன்ர இடம் இதுதான்."

கொஞ்ச நேரம் கத்திவிட்டு நின்றது. மஞ்சள் லைற்றும் அணைந்தது.

பிறகு வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னேன்.

"கிறகரி!" வாய் கூசியது. "கிறகரி, வாங்கோ!"

வெயில் சரியும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் வரவில்லை. அவர் செத்துப்போனார் என்பதை அன்றுதான் நம்பினேன்.

கதவைச் சாத்திவிட்டுப் புறப்பட்டேன். ஒரு சத்தமும் இல்லை. பக்கத்தில் வெறும் சீற். ஒழுங்கை முடியும்வரைகூட என்னால் ஓட்ட முடியவில்லை. காரைப் பின்னுக்கு எடுத்து அதே வாசலில் நிறுத்தி, கதவை அகலத் திறந்தேன். அந்தப் பிள்ளையின் பெயர் எனக்குத் தெரியாது.

"வாங்கோ, வீட்டை போவம்" என்றேன்.

டிங் டிங். அந்த நேரம் பார்த்து ரிஸ்கானின் போன் வந்தது.

"அன்ரி, கத்துறது கேக்குது. எழுதவோ? இதுதான் கடைசி."

"வேண்டாம் தம்பி. அது சரியாத்தான் வேலை செய்யுது."

ஏறி இருந்து, குனிந்து பெல்ற்றை இழுத்துப் போட்டேன். அது சீற்றில் போய் ஒட்டவில்லை. நடுவில் எதிலோ பட்டு நின்றது. விரலை நீட்டிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஆனால் சத்தம் நிற்கவில்லை. முன்னால் பார்த்தேன். பின் சீற் பெல்ற்றுகளுக்கான சிவப்பு லைற்றுகள் மூன்றும் எரிந்துகொண்டிருந்தன.

இந்த முறையும் நான் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

இறங்கிப் போய்ப் பின் கதவைத் திறந்தேன். பெல்ற் போடாமல் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நான் ரோட்டில் ஏறமாட்டேன்.