ஊசியில்லாத இரண்டு கைகள்

சூடாமணிக்கு இடது கையில் ஊசி, பாண்டிராஜுக்கு வலது கையில். செவ்வாய், வியாழன், சனி காலை ஆறு மணிக்கு, கே.கே. நகர் மருத்துவமனை ஒன்றின் இரண்டாவது மாடியில் இருவரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் சாய்த்துவிடுவார்கள். அவர்களுடைய சிறுநீரகங்கள் கைவிட்ட வேலையை மிஷின் பார்க்கும். நான்கு மணி நேரம் இரத்தம் குழாய் வழியே வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பி வரும். ஊசிக் கையை அசைக்கக் கூடாது. அசைத்தால் மிஷின் கத்தும், பிறகு டெக்னீஷியன் நல்லகாமன் வந்து அதைவிடக் கத்துவான்.

ஆக, இரண்டு பேருக்கும் சேர்த்து மிச்சமிருந்தது இரண்டு கைகள். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு ஸ்டூல். ஸ்டூல் மேல், தலையணை உறையை மடித்து முட்டுக் கொடுத்து, ஒரு கையடக்க வீடியோ கேம்.

அதைக் கொண்டுவந்து கொடுத்தது சூடாமணியின் தம்பி ஹரிராம். அக்காவுக்கு ஒரு சிறுநீரகம் தருவதாகச் சொல்லி, எல்லாச் சோதனையும் முடித்து, பொருந்துகிறது என்று டாக்டர் சொன்ன மறுவாரம், வீட்டில் வேண்டாமென்கிறார்கள் என்று பின்வாங்கியவன். அதற்கு மாதம் ஒன்று கழித்து வில்லாபுரம் வீட்டுக்கு வந்து, பொழுது போகும் அக்கா என்று இதை மேஜையில் வைத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்தபடி அவனை வாரம் ஒருமுறையாவது போனில் கூப்பிட்டு, தங்கள் சௌராஷ்டிர மொழியில் சூடாமணி ஏசுவாள். ஒரு சொல்கூடப் புரியாவிட்டாலும் யாரோ செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள் என்பது தெரிவதாகப் பாண்டிராஜ் சொல்வார்.

அந்த கேமில் அவசரமே கிடையாது. நம் முறை வந்தால், நாம் சொல்லும் வரை எதிரி வாளை ஓங்கிக்கொண்டே நிற்பான். மிஷின் கத்தி, நல்லகாமன் வந்து குழாயைத் திருகி, டீ குடித்து முடித்தாலும் நிற்பான். சூடாமணியின் வலது கை அம்புக்குறிகளை நகர்த்தி என்ன செய்யலாம் என்று தேர்ந்தெடுக்கும். பாண்டிராஜின் இடது கை பொத்தானை அழுத்தி அதை முடிவாக்கும். அவர் லோடு வண்டி ஓட்டிய ஆள். கியர் போடுற கையையாவது விட்டுவச்சாங்களே என்பார்.

கேம் முழுக்க இங்கிலீஷ். துணிக்கடையில் பதினெட்டு வருடம் நின்றவள் என்பதால் சூடாமணி படித்துச் சொல்வாள். கட்டளைகளுக்கு அவளே பெயர் வைத்திருந்தாள். அடி, தடு, கொடு, ஓடு. அவ்வளவுதான்.

ஆற்றை விழுங்கிவிட்டு மலைபோல் படுத்திருக்கும் ஒரு கல் மிருகத்தை எழுப்பி வெல்ல வேண்டும். அதற்காக நான்கு பேர் நடந்துகொண்டே இருந்தார்கள். வில்லுக்காரிக்குச் சூடா என்று பெயர். வாள்காரன் பாண்டி. மூட்டை தூக்கும் குள்ளனுக்கு நல்லகாமனின் பெயரை வைத்ததில் அவனுக்கு இரண்டு நாள் வருத்தம், அப்புறம் தன் மூட்டையில் என்ன இருக்கிறது என்று விசாரிக்க ஆரம்பித்தான். நான்காவது, காயம் ஆற்றுகிற பெண். அவளுக்குப் பெயர் வைத்தது பாண்டிராஜ். ஆர்த்தி. அவர் மனைவி ஆர்த்திகாவை அப்படித்தான் கூப்பிடுவார். கடைசி வரிசையில், ஒரு அடிகூட விழாத இடத்தில் அவளை நிறுத்தியிருந்தார். அவள் யாரையும் அடித்ததும் இல்லை.

இரண்டாவது மணி நேரம் தாண்டியதும் இரத்த அழுத்தம் மெல்ல இறங்கும். அப்போது விரிப்பின் நீலமும் திரையின் நீலமும் ஒன்றாகிவிடும். ஏ.சி.யின் குளிர் கேமின் மலைக்காற்றாக வீசும். சூடாமணி கண்ணை மூடினால், நான்கு பேரும் நிலையூர்க் கண்மாயின் வெடித்த தரையில் நடந்து போவார்கள். தூரத்தில் திருப்பரங்குன்றத்துப் பாறை மூச்சுவிட்டுக்கொண்டு படுத்திருக்கும். அதன் வயிற்றுக்குள் ஆறு புரளும் சத்தம் கேட்கும். அது தன் இரத்தம் குழாயில் ஓடும் சத்தம் என்று தெரிந்தும், ஆறு என்றே நினைத்துக்கொண்டு கிடப்பாள்.

பாண்டிராஜுக்கு அந்நேரம் திரையைப் பார்த்தால் தலை சுற்றும். கண்ணை மூடிக்கொண்டு விரலை மட்டும் பொத்தானில் வைத்திருப்பார். அவள் தேர்ந்தெடுத்துவிட்டு "ம்" என்பாள். அவர் அழுத்துவார். ஏழு மாதமாக, ஒருமுறைகூட, என்னத்துக்கு ம் என்று அவர் கேட்டதில்லை.

ஆர்த்திகாவின் சிறுநீரகம் தனக்குப் பொருந்துகிறது என்பதை அவர் சொன்னதும் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டுதான். பொருந்தி மூன்று மாதம் ஆகிவிட்டதாம். டாக்டர் தேதி கேட்கிறாராம். இவர் கையெழுத்துப் போடவில்லை.

"ஏன்?" என்றாள் சூடாமணி.

"அவ கப்பலூர் மில்லுல நாளெல்லாம் நிக்கிறவக்கா. ரெண்டு பிள்ளைக. எனக்கு ஒண்ணு ஆனா அவ பாத்துக்குவா. அவளுக்கு ஒண்ணு ஆனா?"

"அவகிட்ட கேட்டியா?"

"தாரேன்னுதான் சொல்றா. நாந்தான் வேணாம்ங்கிறேன்."

கொடுக்க ஆளிருந்தும் வேண்டாமென்கிற ஒருவனுக்குப் பக்கத்தில், கொடுக்க ஆளில்லாமல் சாய்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இவர் போய்விட்டால் இந்தப் பொத்தானை அழுத்த யார் வருவார் என்பதையும் சூடாமணி நினைத்துப் பார்த்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன் மேலேயே கோபம் வந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை கல் மிருகம் எழுந்தது. முதல் மிதியிலேயே குள்ளன் போனான். அடுத்ததில் வாள்காரன் பாண்டி விழுந்தான். ஆர்த்தியிடம் ஒரு மந்திரம் இருந்தது, கொடு. அவள் தன் உயிரில் பாதியைக் கொடுத்து விழுந்தவரை எழுப்பலாம். ஆனால் போன பாதி அவளுக்குத் திரும்ப ஏறாது. கேம் தானாகவே எல்லாவற்றையும் பதிந்துகொள்ளும், பின்னால் போய் மாற்றவும் முடியாது. முதல் நாளே இதைப் படித்துச் சொன்னபோது, அதைத் தொடவே வேண்டாம் என்று பாண்டிராஜ் சொல்லியிருந்தார்.

அவர் கண் மூடியிருந்தது. சூடாமணி அம்புக்குறியை நகர்த்தினாள். அடியைத் தாண்டி, தடுவைத் தாண்டி.

"ம்" என்றாள்.

அவர் அழுத்தினார்.

மணி அடிப்பதுபோல் ஒரு ஓசை வந்தது. அதுவரை கேட்காத ஓசை. அவர் கண்ணைத் திறந்தார். திரையில் வாள்காரன் எழுந்து நின்றான். ஆர்த்தியின் பச்சைக் கோடு பாதியாகச் சுருங்கி, மீதியிடம் கறுப்பாகக் கிடந்தது.

"என்னக்கா பண்ணுனீங்க?"

"நீதான அமுக்குன."

"உங்கள நம்பித்தான அமுக்குனேன்."

அவர் குரல் உயரவில்லை. பொத்தானிலிருந்து கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார். கொடுத்தவளுக்கே அடுத்ததும் என்பது கேமின் விதி, மறுபடியும் ஆர்த்தியின் முறை. மிருகம் ஒரு காலைத் தூக்கியபடி நின்றது. ஒன்றேகால் மணி நேரம் அப்படியே நின்றது. ஊசியைப் பிடுங்கிக் கட்டுப்போட்டதும், வழக்கமாகச் சொல்லும் வாரேன்க்காகூட இல்லாமல் போய்விட்டார். நல்லகாமன் வந்து, எங்க மாப்ளைக்கு என்னக்கா, முகமே சரியில்ல என்று கேட்டான். நீ உன் மூட்டையைப் பாரு என்று அவனிடம் சொன்னாள் சூடாமணி.

வியாழக்கிழமை அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே கிடந்தார். சூடாமணி கேமைப் பையிலிருந்து எடுக்கவில்லை. தான் செய்தது தப்பு என்று அவளுக்குத் தெரிந்தது. அவளுடைய கோபம் ஹரிராம் மேல். விழுந்தது இவர் தலையில்.

சனிக்கிழமை அவர் தனியாக வரவில்லை. மில் அடையாள அட்டையைக் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு ஒரு பெண் கூட வந்தாள். ஒல்லியான உடம்பு, உரத்த நடை. ஊசி குத்தி முடியும்வரை பொறுத்திருந்து, நடு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்கதான சூடாமணிக்கா? நான் ஆர்த்திகா. நாலு நாளா இவரு சரியாச் சாப்பிடல. கேட்டா, உன்னைப் பாதி ஆக்கிப்புட்டாங்கங்கிறாரு. நான் முழுசாத்தான நிக்கிறேன்."

சூடாமணி கேமை எடுத்துக் கொடுத்து நடந்ததைச் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை, ஹரிராம் கதையையும் சேர்த்தே சொன்னாள். பாண்டிராஜ் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்த்திகா திரையில் தன் பெயரைக் கண்டுபிடித்தாள்.

"இவ எங்க, கடைசில நிக்கிறா?"

"ஏழு மாசமா அங்கதான் நிக்கிறா," என்றாள் சூடாமணி. "முன்னாடி விட மாட்டேங்கிறாரு."

"இப்ப யாரு முறை?"

"உன் முறைதான்."

ஆர்த்திகா கேமை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்தாள். அந்த இடத்தில் யாரும் அதை அப்படிப் பிடித்ததில்லை. இடது கட்டைவிரலால் தேடினாள், வலது கட்டைவிரலால் அழுத்தினாள். யாருடைய ம்முக்கும் அவள் காத்திருக்கவில்லை. ஆர்த்தி வரிசையை விட்டு வெளியே வந்து, கையிலிருந்த கோலைச் சுழற்றி மிருகத்தின் நெற்றியில் ஒன்று வைத்தாள். பாறை வெடிப்பு விட்டது. விரிசலில் ஈரம் தெரிந்தது.

"அவளுக்கு அடிக்கத் தெரியுமா?" என்றார் பாண்டிராஜ்.

"விட்டாத்தான தெரியும்."

"அவளுக்குப் பாதி உசுருதான இருக்கு, ஆர்த்தி."

"அதுல ஒண்ணும் கொறயல, பாத்தீங்கள்ல." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கும் பயந்தான். டாக்டரு எல்லாத்தையும் சொல்லிட்டாரு. கேட்டுட்டுத்தான் சரின்னேன். என் உடம்பு தாரேங்குது. நீங்க யாரு வேணாம்னு சொல்ல?"

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பாண்டிராஜ் ஊசியில்லாத கையை நீட்டி அவள் முழங்கையைத் தொட்டார். எந்தப் பக்கம் வெட்டுவார்கள் என்று கேட்டார். இடது பக்கம் என்றாள். படுக்கும்போது வலிக்காதா என்றார். அப்ப வலது பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிறேன் என்றாள்.

அந்த வாரமே கையெழுத்துப் போட்டார். மருத்துவமனைக் குழு இருவரையும் உட்கார வைத்து விசாரித்ததாம். யாராவது உங்களை வற்புறுத்தினார்களா என்று ஆர்த்திகாவிடம் கேட்டார்களாம். ஆமா, இவருதான், வேணாம் வேணாம்னு மூணு மாசமா வற்புறுத்துனாரு என்றாளாம். குழுவிலிருந்த பெரிய டாக்டரே சிரித்துவிட்டதாகப் பாண்டிராஜ் பெருமையோடு சொன்னார்.

அவருக்கு அந்த நாற்காலியில் கடைசி நாள் ஒரு வியாழக்கிழமை. இருவரும் விளையாடவில்லை. மிருகத்தை முடித்துவிட்டால் என்ன என்று அவர் கேட்டதற்கு, கிடக்கட்டும் என்றாள். கட்டுப்போட்டு முடிந்ததும் சட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். கதவுவரை போனவர், தொண்ணூறு நூறு தடவை சொன்னதையே சொன்னார்.

"வாரேன்க்கா."

சூடாமணி சாய்ந்தபடியே தலையைத் திருப்பினாள். ஊசிக் கை அசையவில்லை.

"இங்கிருந்து போறவன் வாரேன்னு சொல்லுவானா? சரியாச் சொல்லு."

வீட்டு வாசலில் யாரும் வாய்தவறியும் சொல்லாத வார்த்தையை அவள் கேட்டாள். அதைச் சொல்ல அவர் நாக்குப் பழக வேண்டியிருந்தது.

"போறேன்க்கா," என்றார்.

"ம்," என்றாள் சூடாமணி.