ஏறிய இடம்

வேட்டி எங்கே இருக்கிறது என்று சிந்துஜாவிடம் கேட்டுவிடக்கூடாது என்ற வைராக்கியத்தோடு வினோதினி அப்பாவின் பீரோவைத் துழாவிக்கொண்டிருந்தாள். கூடத்து பெஞ்சில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வைத்தாகிவிட்டது. அத்தை தைலம்மாள் மூன்றாவது முறையாகக் குரல் கொடுத்தாள்.

“என்னாடி பண்ற உள்ள? பட்டுக்கரை வேட்டிடி. என் தம்பி ரிட்டேர் ஆன அன்னிக்குக் கட்டுனானே, அது.”

எது என்று தெரிகிறது. எங்கே என்றுதான் தெரியவில்லை. முப்பத்து நான்கு வருஷம் மகளாக இருந்தவளுக்குத் தெரியாதது, இரண்டு வருஷத்துக்கு முன்னால் தம்பி பெண்டாட்டியாக வந்தவளுக்குத் தெரிந்திருக்கும். அந்த நினைப்பே நெஞ்சைக் கரித்தது.

பீரோவின் இன்னொரு கதவையும் திறந்தாள். அதன் உட்புறத்தில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கட்டங்கள். மேலே கொட்டை எழுத்தில் ‘வெயிட்டிங் லிஸ்ட் 2011’. பன்னிரண்டு வரிசைகள். பதினொரு வரிசைகளின் முடிவில் சிவப்பு மையில் ‘கன்ஃபார்ம்’ என்றும் அதன் கீழே ‘சிந்து’ என்ற கையெழுத்தும் இருந்தன. தாள் முழுக்க சிந்துஜாவின் எழுத்துதான். பள்ளிக்கூட டீச்சருக்கே உரிய, ஒன்றையொன்று இடிக்காத உருண்டை எழுத்து.

சிந்து, சிந்து, சிந்து என்று பதினொரு தடவை. வினோதினிக்கு அதற்கு மேல் அந்தத் தாளில் எதையும் படிக்கப் பிடிக்கவில்லை.

“அண்ணி, வேட்டி மேல் தட்டுல, போர்வைக்கு அடியில இருக்குது.”

சிந்துஜா அறை வாசலில் நின்றிருந்தாள். அழுது அழுது இமை தடித்திருந்தது. அதுவும் வினோதினிக்குப் பிடிக்கவில்லை.

“எனக்குத் தெரியும்,” என்றாள்.

அப்பா சுப்பராயலு திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் ரிசர்வேஷன் கவுண்டரில் உட்கார்ந்தே தலை நரைத்தவர். வீட்டிலும் அதே பாஷைதான். கல்யாணப் பந்தியில் இடம் கிடைக்காவிட்டால் வெயிட்டிங் லிஸ்ட். இரண்டு பேர் நாற்காலியில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்தால் ஆர்.ஏ.சி. இலை முன்னால் வந்து விழுந்துவிட்டால் கன்ஃபார்ம். ராத்திரி சாப்பாட்டில் பிள்ளைகளுக்கு ஸ்டேஷன் குறியீட்டில் பரீட்சை நடக்கும். டிக்கெட்டில் ஊர் பேரைச் சுருக்கிப் போடுகிற இங்கிலீஷ் எழுத்துகள். “விழுப்புரம்?” என்பார். “வி.எம்.!” “மாயவரம்?” “எம்.வி.!” “விருத்தாசலம்?” “வி.ஆர்.ஐ.!” எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு கத்துவது வினோதினிதான். தம்பி ஜெயப்பிரகாஷுக்கு ஒன்றும் வராது. அவன் அப்பளத்தைக் குறிவைத்து உட்கார்ந்திருப்பான். இந்த லைனில் தனக்குத் தெரியாத ஸ்டேஷன் இல்லை என்ற கர்வம் அவளுக்கு இன்னமும் உண்டு.

அவர் புத்தகப் பைத்தியம். வாங்குவதில் இருந்த வேகம் படிப்பதில் இல்லை. போன வருஷம் போகியன்று, பழையதையெல்லாம் கழிக்கும்போது, வருஷக்கணக்கில் தொடாமல் கிடந்த புத்தகங்களை இறக்கிப் போட்டு மருமகளிடம் பந்தயம் கட்டினாராம். இதிலிருந்து பன்னிரண்டு. மாசத்துக்கு ஒன்று. அடுத்த போகிக்கு சார்ட் மூடிவிடும். அதற்குள் கன்ஃபார்ம் ஆகாத புத்தகம் வீட்டை விட்டு இறங்கிவிட வேண்டும். சிந்துஜாதான் டி.டி.ஆர். அவர் படித்து முடித்ததும் அவள் நடுநடுவே புரட்டிக் கேள்வி கேட்பாள். பதில் சொன்னால்தான் கையெழுத்து. சொல்லாவிட்டால் மறுபடி முதல் பக்கம்.

இதையெல்லாம் அவரே போனில் சொன்னார். அதிலிருந்து ஒரு வருஷமாக எந்த ஞாயிற்றுக்கிழமை பேசினாலும் சிந்து புராணம்தான். “நேத்து இந்தப் பொண்ணு என்னை மடக்கிட்டாம்மா.” “சிந்து ரொம்ப ஸ்ட்ரிக்டும்மா.” வினோதினி சிரித்துவிட்டு போனை வைப்பாள். அப்புறம் அடுப்படியில் பாத்திரங்கள் கொஞ்சம் ஜாஸ்தியாகவே சத்தம் போடும்.

அவளுக்கு என்ன குறை? இரண்டாயிரத்து நாலில் கல்யாணமாகி சிதம்பரம் போனதிலிருந்து அப்பா மாதம் ஒரு முறை பார்க்க வருவார். திரும்பும்போது ரயிலடிக்குக் கூடவே போய், எப்போதாவது ஜன்னல் வழியாக ஒரு புத்தகத்தைக் கையில் கொடுப்பாள். நடுவில் அகலப்பாதை வேலை என்று ரயிலை நிறுத்திவிட்ட வருஷங்களில் பஸ் ஸ்டாண்டில் கொடுத்தாள். அவளுக்குப் படிக்கிற வழக்கம் கிடையாது. மேலவீதிப் புத்தகக் கடைக்காரர் ‘பெரியவங்களுக்கு இது நல்லா இருக்கும்’ என்று எடுத்துக் கொடுப்பதை வாங்கிவிடுவாள். முதல் புத்தகத்தில் ‘அன்புள்ள அப்பாவுக்கு’ என்று எழுதப் போனபோது, “புக்குல கிறுக்காதம்மா” என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். அதிலிருந்து எழுதுவதில்லை. அடுத்த போனில் தவறாமல் சொல்லிவிடுவார்: “படிச்சிட்டேம்மா. பிரமாதம்.” ஆபீஸில் அவள் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள், எங்கப்பா நான் குடுத்ததைத்தான் முதல்ல படிப்பாரு என்று.

அப்படிப்பட்ட அப்பாவைப் புயல் அடித்த பிறகு அவள் வந்து பார்க்கவில்லை. ‘தானே’ புயல் அவள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையையும் கொண்டுபோயிருந்தது. ரோடெல்லாம் மரம். போன் இல்லை. நாளைக்கு, நாளைக்கு என்று பத்து நாள் ஓடிவிட்டது. அப்பா வீடு இருக்கும் செம்மண்டலத்தில் இன்னும் கரண்ட் வரவில்லை. இன்று காலை ஆறு மணிக்கு டீ கேட்டவர், டீ வருவதற்குள் போய்விட்டார். டீயை எடுத்துப் போனவள் சிந்துஜா.

குளிப்பாட்டி, பட்டுக்கரை வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு இட்டார்கள். வாய்க்கரிசி போடும்போது வினோதினி கையிலிருந்து அரிசி கழுத்தில் சிந்தியது. சிந்துஜா குனிந்து அதைப் பதமாகத் துடைத்துவிட்டாள். நகத்தால் கீறிவிடலாம் போல இருந்தது வினோதினிக்கு. அப்படித் தோன்றியதற்காகவும் சேர்த்து அழுதாள்.

ஐஸ் பெட்டிக்கு ஜெனரேட்டர் கிடைக்கவில்லை என்பதால் மூன்று மணிக்கெல்லாம் எடுத்துவிட்டார்கள். ஜெயப்பிரகாஷ் தீச்சட்டியோடு முன்னால் நடக்க, ஆண்கள் கெடிலம் ஆற்றங்கரைக்குப் போனார்கள். வீட்டைக் கழுவிவிட்டுப் பெண்கள் வாசல் பந்தலில் உட்கார்ந்தார்கள். அத்தை ஒரு மூலையில் சுருண்டு படுத்துவிட்டாள்.

வினோதினி ஈரத்தலையோடு அப்பாவின் அறைக்குள் போனாள். பின்னாலேயே சிந்துஜாவும் வந்து நின்றாள்.

கேட்கக்கூடாது என்று காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததை வினோதினி கேட்டுவிட்டாள். “கடைசியா என்னா பேசுனாரு?”

“நேத்து சாயந்திரம் புக்கு படிச்சிக் காட்டுனேன் அண்ணி. கண்ணுல புரை, கரண்டும் இல்ல, அவுரால படிக்க முடியல. புயலுக்கு அப்புறம் தெனம் நான்தான் படிச்சேன்.”

“என்னைப் பத்தி ஏதும் கேட்டாரா?”

சிந்துஜா தயங்கினாள். பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு வரவில்லை.

“இல்ல அண்ணி. தேன் பொட்டி ஒண்ணு என்னா வெல இருக்கும்னு கேட்டாரு.”

“தேன் பொட்டியா?”

“அந்த புக்கு அதான். தேனீ வளக்கிறது. பன்னெண்டாவது. அது ஒண்ணுதான் பாக்கி.” கட்டிலின் தலைமாட்டிலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். நடுவில் காலண்டரிலிருந்து கிழித்த தேதித்தாள் செருகியிருந்தது. ஜனவரி எட்டு. “இன்னும் நாப்பது பக்கம்தான். அவுருக்கு ஒண்ணுமே புரியல, பாவம். இந்த வருஷ லிஸ்ட்டுல ஒரு புக்காவது கதையா இருக்கணுமே? சர்க்கரை வியாதி, மாடித் தோட்டம், கீரை வகை, முதுகு வலி. எதுக்கு மாமா இதெல்லாம், அலமாரியில ஒங்களுக்குப் புடிச்ச மர்மக் கதைங்க எவ்ளோ படிக்காம கெடக்கு, அதுலேந்து எடுங்கன்னேன். ‘இதுங்கதான்மா ரொம்ப நாளா நிக்கிதுங்க’ன்னாரு.”

மாடித் தோட்டம். வினோதினிக்கு எங்கேயோ இடித்தது. பீரோவைத் திறந்தாள். இந்தத் தடவை தாளை இடது பக்கத்திலிருந்து படித்தாள்.

பெயர். வயது. ஏறிய இடம். நிலை.

சர்க்கரை, ஏழு வயது. கீரை, ஏழு வயது. முதுகு வலி, ஆறு. மாடித் தோட்டம், நாலு. புத்தகத்துக்கு என்ன வயது? வீட்டுக்கு வந்து படிக்காமல் கிடந்த வருஷம்தான் வயது. அடுத்த கட்டத்தில், ‘ஏறிய இடம்’ என்பதன் கீழே, மேலிருந்து கீழ் வரைக்கும் பன்னிரண்டு வரிசையிலும் ஒரே மூன்று எழுத்து. சி.டி.எம்., சி.டி.எம்., சி.டி.எம்.

சிதம்பரம்.

யாரோ பின்மண்டையில் தட்டியது போல இருந்தது. முதலில் வந்தது கோபம்தான். ஏழு வருஷம். ஒன்றைக்கூடத் தொடவில்லை. படிச்சிட்டேம்மா, பிரமாதம். எவ்வளவு சரளமாகப் பொய் சொல்லியிருக்கிறார்! இவள் அதை ஆபீஸ் முழுக்கச் சொல்லித் திரிந்திருக்கிறாள்.

அப்புறம் இன்னொன்று மெதுவாகப் புரிந்தது. சொன்ன பொய்யை எல்லாம் ஒரே வருஷத்தில் மெய்யாக்கிவிடப் பார்த்திருக்கிறார் மனுஷன். புரை விழுந்த கண்ணோடு, கீரையையும் முதுகு வலியையும் பரீட்சைக்குப் படிப்பது போலப் படித்து, கேள்விக்குப் பதில் சொல்லி, கையெழுத்து வாங்கியிருக்கிறார். அவள் பொறாமையில் பாத்திரத்தை உருட்டிய ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் மடியில் இருந்தது அவள் புத்தகம். வினோதினி பீரோ கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணி, ஒண்ணு கேக்கட்டா?” சிந்துஜா அருகில் வந்தாள். “இந்த சி.டி.எம்.னா என்னா? எல்லாத்துக்கும் அதையே எழுதச் சொன்னாரு. கேட்டா, சின்ன டைப்பு மேட்டரு, எழுத்து ரொம்பப் பொடிசுன்னு அர்த்தம்னு சொல்லிச் சிரிப்பாரு. சும்மா சொல்றாருன்னு தெரியும். அவுருகிட்டயும் கேட்டேன், ஒங்க தம்பிகிட்ட. எனக்கு அதெல்லாம் எங்க தெரியும்னுட்டாரு.”

அந்த முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. ஒரு வருஷம் கூடவே உட்கார்ந்து, பதினொரு கையெழுத்துப் போட்டவள். சொன்னால் சந்தோஷப்படுவாள். ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி அழுவாள்.

“அதேதான்,” என்றாள் வினோதினி. “எழுத்து பொடிசுன்னுதான் அர்த்தம். ஸ்டேஷன்ல அப்பிடிச் சொல்லுவாங்க.”

“ஓ,” என்றாள் சிந்துஜா. நம்பிவிட்டாள். பன்னிரண்டாவது வரிசையில் பென்சிலால் எழுதியிருந்த ‘ஆர்.ஏ.சி.’யை விரலால் தொட்டாள். “சனிக்கிழமை போகி. நமக்கு இந்த வருஷம் போகி கெடயாதுல்ல? ஆனாலும் மிச்சத்த நான் அவுரு பேருல படிச்சி முடிச்சிரவா அண்ணி? மனசு கேக்கல.”

“குடு,” என்றாள் வினோதினி.

“அண்ணி?”

“குடு. நான் படிக்கிறேன்.”

சிந்துஜா புத்தகத்தைக் கொடுத்தாள். வினோதினி ஜன்னலோரம் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து தேதித்தாள் இருந்த இடத்தைப் பிரித்தாள். தன் காசில் வாங்கிய பன்னிரண்டு புத்தகங்களில் அவள் திறந்து பார்க்கும் முதல் புத்தகம். எழுத்து ஒன்றும் பொடிசாக இல்லை. வாய்விட்டுப் படித்தால்தான் அவளுக்கு எதுவும் மண்டையில் ஏறும்.

“தேனீப் பெட்டியை வெயில் நேரடியாகப் படாத இடத்தில்…”

சிந்துஜா வாசற்படியில் மெல்ல உட்கார்ந்து, தலையைக் கதவில் சாய்த்துக் கேட்க ஆரம்பித்தாள்.

வினோதினி நிறுத்தினாள். விட்ட வரியை விரலால் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்து மேலே படித்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து சிந்துஜா எழுந்து வந்து, புயலில் கொக்கி உடைந்து தானே மூடிக்கொள்ளும் அந்த ஜன்னல் கதவை, வெளிச்சம் புத்தகப் பக்கத்தில் விழுகிற மாதிரி, கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.