மூடி போட்ட வாளி

எதைக் கொட்டுவதானாலும் இரண்டு பேர் பார்க்க வேண்டும். அது நோர்கா வகுத்த விதி. ஒருத்தி கண்ணுக்கு அழுகலாகத் தெரிவது இன்னொருத்தி கையில் குழம்பாகிவிடலாம். லிமா நகரத்தின் ஓரத்தில், குன்றுச் சரிவில் பெண்கள் சேர்ந்து நடத்தும் அந்தப் பொது அடுப்பின் பலகைச் சுவரில் அவளே அதை எழுதி ஒட்டியிருந்தாள்.

உணவு அறிவியல் படித்தவள். மொத்தச் சந்தையில் விலைபோகாத காய்களைக் கேட்டு வாங்கிக் குன்றுகளுக்கு ஏற்றிவிடும் சங்கத்தில் வேலை. அடிபட்ட தக்காளியில் எவ்வளவு வெட்டினால் போதும், பட்டாணித் தோலில் எப்படி சூப் வைப்பது என்று சொல்லும்போது மட்டும் அவளுக்குக் கூச்சம் இருக்காது. அவள் வந்தபின் நூறு தட்டு நூற்றைம்பது ஆனது. கழிவு எடுக்க வரும் பன்றிக்காரர் தொட்டி பாதிகூட நிறைவதில்லை என்று முனகினார். "அவர் பன்னிக்கும் ஒரு சங்கம் ஆரம்பிச்சுக் குடு, இன்ஜினியரம்மா" என்பாள் தலைமைச் சமையல்காரி அல்பினா.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு நன்கொடையாளர்கள் வருவதாக இருந்தது. அவர்களுக்குப் பிடித்துப்போனால் ஒரு குளிர்ப்பெட்டி கிடைக்கும். பத்தரைக்கு நோர்கா வந்தபோது பெண்கள் எல்லாரும் லாரியில் தண்ணீர் பிடிக்கச் சரிவில் இறங்கியிருந்தார்கள். அடுப்பில் பூசணி வெந்துகொண்டிருந்தது. மூலையில் மூடி போட்ட ஒரு வாளி. திறந்தாள். சாக்கடையும் புளித்த பாலும் கலந்த வாடை. உள்ளே சாம்பல் நிறத்தில் குழைந்த உருளைக்கிழங்குகள்.

அவை கெட்டுப்போகவில்லை என்று அவளுக்குத் தெரியும். அது தோகோஷ். மலையில் உருளைக்கிழங்கை வைக்கோல் சுற்றி, ஓடும் தண்ணீருக்கடியில் புதைத்து, மாதக்கணக்கில் விட்டு எடுப்பது. கூழாகக் காய்ச்சிப் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பார்கள். அவள் அம்மாவும் காய்ச்சுவாள். அந்த வாடைக்காகப் பள்ளியில் யாரும் பக்கத்தில் உட்காராத வருடம், இனி வீட்டில் அது கூடாதென்று அழுது நிறுத்தியவள் நோர்கா.

இவ்வளவும் தெரிந்தும், கார் வரும் நேரமாயிற்று என்பதை மட்டுமே நினைத்தாள். பன்றித் தொட்டியில் கவிழ்த்தாள். வாளியைக் கழுவிக் குப்புற வைத்தாள். இரண்டாவது ஆளைக் கூப்பிடவில்லை.

வந்தவர்கள் சுவரிலிருந்த விதியைப் படம் எடுத்துக்கொண்டார்கள். இத்தனை காய்கறி இருந்தும் துளி வாடை இல்லையே என்று ஓர் அம்மாள் பாராட்டினாள். குளிர்ப்பெட்டி உறுதியானது. அவர்கள் கிளம்புவதற்குள் பன்றிக்காரர் தொட்டியை எடுத்துப்போயிருந்தார்.

பிறகுதான் அல்பினா வாளியைத் தேடினாள். அவள் மகள் சோய்லாவுக்குப் பிள்ளை பிறந்து நாலு நாள். பால் இறங்கவில்லை. ஊரிலிருந்து தங்கை பேருந்தில் கொடுத்தனுப்பியது அது. அல்பினாவின் பார்வை ருஃபினா மேல் போய் நின்றது. கூடச் சமைக்கும் ருஃபினா கடற்கரைக்காரி, மலைச் சாப்பாடு பழகாதவள். யாரைக் கொன்று வாளியில் வைத்திருக்கிறீர்கள் என்று காலையில் கேலி பேசியவள்.

"மூக்குக்கு ஆகலைன்னா வெளிய போய் நிக்கணும். அடுத்தவ வீட்டு மருந்தைக் கொட்டக் கூடாது."

"நான் தொடலக்கா. எம்புள்ள மேல சத்தியம்."

"அப்போ வாளி தானே நடந்து போய்க் குளிச்சிட்டு வந்துச்சா?"

ருஃபினா கிளம்பப்போகிறவளாக ஏப்ரனை அவிழ்த்தாள்.

"நான்தான் கொட்டினேன்" என்றாள் நோர்கா. "கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

அல்பினாவின் முகம் இளகியது. லிமாவில் பிறந்த பெண்ணுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும், சொல்லி வைக்காதது தன் தப்புதான் என்றாள். ருஃபினாவின் ஏப்ரனைத் தானே கட்டிவிட்டாள். அத்தோடு எல்லாம் முடிந்திருக்கும். நோர்கா வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவளுக்கு எதிரில் சுவரில் அவளுடைய கையெழுத்து இருந்தது.

"எனக்குத் தெரியும் அல்பினாக்கா. எங்கம்மா உங்க ஊர்ப்பக்கம்தான். நான் அதைக் குடிச்சு வளர்ந்தவ. அவங்க வர்றப்போ அந்த வாடை இருக்க வேணாம்னு கொட்டிட்டேன்."

ருஃபினா சட்டிப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அல்பினா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எங்க வாடைக்கா வெக்கப்பட்ட, உன் வாடைக்கா?"

நோர்கா போய்க் குப்புற வைத்த வாளியை எடுத்து நிமிர்த்தினாள்.

"உங்கம்மாகிட்ட இருந்தா வாங்கிட்டு வா. பால் இறங்கணும்" என்றாள் அல்பினா. இன்ஜினியரம்மா என்று சேர்க்கவில்லை.

வீட்டில் கேட்டதும் அம்மா மொட்டைமாடிக்கு ஏறினாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து, மூன்று பைகளில் சுற்றிய ஒரு ஜாடியோடு இறங்கினாள்.

"நீ இல்லாதப்போதான் காய்ச்சுவேன். ஜன்னலையெல்லாம் திறந்து வெச்சுட்டுத்தான்" என்றாள், பிடிபட்டவள் போல. பதினைந்து வருடமாக அப்படித்தானாம். யாருக்கு என்றுகூடக் கேட்காமல் ஜாடியை நீட்டினாள்.

பேருந்தில் நோர்கா அதை மடியில் வைத்துக்கொண்டாள். எதிரில் இருந்தவர் கைக்குட்டையை மூக்கில் வைத்தார். அவள் கை தானாகப் போய்ப் பையின் முடிச்சை இன்னொரு சுற்று இறுக்கியது.