பேபிக்கு ஒரு குளியலறை

பால்கனியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வேலைக்கு வரும் சின்னவள் முயல் கூண்டின் தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தட்டின் அடியில் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாக ஏதோ படிந்து காய்ந்திருந்தது. பிரஷ்ஷுக்கு அது மசியவில்லை. ஒரு பழைய கரண்டியின் காம்பால் சுரண்டிப் பார்த்தாள். பொடிப்பொடியாக உதிர்ந்து, ஈரத்தில் குழைந்து, விரலில் மாவு போல ஒட்டியது.

தட்டை உருவும் சத்தம் கேட்டால் கம்பியைக் கடிக்க ஓடிவரும் முயல், அன்று மூலையிலேயே முதுகைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அடிவயிற்று ரோமம் நனைந்து மஞ்சளாகத் திரிதிரியாய் ஒட்டிக் கிடந்தது. சின்னவள் கையைத் துடைத்துக்கொண்டு அதைத் தூக்கித் திருப்பினாள். பின்னங்கால் இடுக்குகளில் ரோமமே இல்லை. கொதிநீர் பட்டது போல் தோல் சிவந்து பளபளத்தது.

"மேடம்," என்று கூப்பிட்டாள். "பேபியைக் கொஞ்சம் வந்து பாருங்க."

மேடம் காதில் செருகிய கருவியோடு வந்தாள். பார்த்ததும் கருவியைக் காதிலிருந்து பிடுங்கினாள். அவள் புருஷன் வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன முயல் அது. வீட்டில் அவளோடு பேச வேறு உயிர் கிடையாது.

"என்ன ஊத்தின இது மேல?"

"ஒண்ணும் ஊத்தல மேடம். தட்டை மட்டும் தண்ணியில..."

மேடம் குனிந்து பிரஷ்ஷை எடுத்து முகர்ந்தாள். "கையக் காட்டு."

சின்னவள் கையை நீட்டினாள். சற்று முன்தான் வீட்டின் இரண்டு கழிவறைகளையும் கழுவிவிட்டு வந்திருந்தாள். சோப்பு போட்ட பிறகும் அந்த வாடை விரலிடுக்கில் இருந்தது.

"இந்தக் கையாலதான் இதையும் தொடுறியா?"

"கழுவிட்டுத்தான் மேடம் தொடுறேன்."

 மேடம் முயலை வாங்கிக்கொண்டு, சின்னவள் கைபட்ட இடத்தைத் துண்டால் துடைத்தாள்.

மருத்துவரிடம் போகும்போது கூடையைத் தூக்கிக்கொண்டு சின்னவளும் போக வேண்டியிருந்தது. மருத்துவர் முயலின் வயிற்றை இரண்டு விரலால் மெல்ல அழுத்தினார். அது பல்லை நறநறவென்று கடித்தது. பிறகு எடுத்த படத்தை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். கறுப்புக்கு நடுவே முட்டை அளவுக்கு ஒரு வெள்ளை.

"மூத்திரப்பை. உள்ள மண்ணு மாதிரி அடைஞ்சு கிடக்கு. சுண்ணாம்புச் சத்து கரையாமத் தங்கிடுது. ஒழுங்காப் போக முடியாம சொட்டுச்சொட்டா ஒழுகி, அந்த ஈரத்துலயே உக்காந்து தோல் வெந்துபோச்சு."

"வேற ஏதாவது பட்டு வெந்திருக்குமா டாக்டர்? பினாயில் மாதிரி?" மேடம் சின்னவள் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"முயல் நாள் முழுக்கத் தன்னை நக்கிக்கிட்டே இருக்கும். பினாயில் பட்டிருந்தா வாயும் புண்ணாகியிருக்கணும். வாய் சுத்தமா இருக்கு."

"நிச்சயமா சொல்றீங்களா?"

"நிச்சயமா. என்ன தீனி குடுக்கறீங்க?"

மேடம் ஒரு பாக்கெட் தீனியின் பெயரைச் சொன்னாள். கிண்ணம் காலியாகாமல் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னாள். அதைக் குறைக்க வேண்டும், உலர்ந்த புல்தான் முக்கியம், கூண்டுக்குள் அடைக்காமல் நடமாட விட வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வைக்க வேண்டும் என்றார் மருத்துவர்.

"தண்ணி குடிக்குதா?"

மேடம் இப்போது சின்னவளைப் பார்த்தாள்.

"தினமும் பாட்டில்ல ஊத்துறேன் டாக்டர்."

"போகும்போது முக்குதா?"

"இன்னிக்குக் காலைல பாத்தேன். வாலைத் தூக்கிட்டு அப்படியே நிக்குது. ரெண்டு சொட்டுதான் வருது. வந்ததும் உடம்பே நடுங்குது. எரியும் போல டாக்டர். ரொம்ப எரியும்."

"உனக்கே எரிஞ்ச மாதிரி சொல்ற," என்றாள் மேடம்.

திரும்பி வரும்போது மேடம் காரை ஓட்டினாள். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் அவள் கண்கள் சாலையைப் பார்ப்பதும் பின்சீட்டைப் பார்ப்பதுமாக இருந்தன.

மறுநாளே கூண்டு பரணுக்குப் போய்விட்டது. கூடத்தை ஒட்டியிருந்த விருந்தாளிக் குளியலறை பேபிக்கு ஒதுக்கப்பட்டது. தரையில் மெத்தென்று துண்டுகள், ஒரு மூலையில் புல், மூத்திரம் போகத் தாழ்வான தட்டு, தண்ணீருக்கு அகலமான பீங்கான் கிண்ணம். கூடத்துச் சுவரில், அந்தக் கதவைப் பார்த்தாற்போல் உருண்டையாக ஒரு கேமரா முளைத்தது. மேடம் அலுவலகத்திலிருந்தே அதன் வழியாகப் பார்க்கலாம்; அதற்குப் பேசவும் தெரியும். முதல் நாள் அது "ஃபேனைக் குறை" என்றபோது சின்னவள் கையிலிருந்த வாளியைக் கீழே போட்டுவிட்டாள்.

வேலை கூடியது. வெதுவெதுப்பான தண்ணீரில் முயலின் அடிப்பகுதியை நனைத்து, தேய்க்காமல் ஒற்றியெடுத்து, காயவிட்டு, களிம்பு தடவ வேண்டும். ஈரமான துண்டை உடனே மாற்ற வேண்டும். தடவிய களிம்பு அடுத்த ஈரத்தில் போய்விடும். மறுபடி கழுவி மறுபடி தடவ வேண்டும். முதலில் உதறிய முயல், பிறகு அவள் மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு படுக்கப் பழகியது.

"களிம்பு இவ்வளவு சீக்கிரமாவா தீரும்?" என்று மேடம் குழாயைப் பிதுக்கிப் பார்த்துக் கேட்டாள்.

"ஒவ்வொரு தடவையும் நனைஞ்சிடுது மேடம்."

"நான் ஒண்ணும் சொல்லலையே. கேட்டேன், அவ்வளவுதான்."

அந்தக் கட்டடத்தில் வேலைக்கு வருகிறவர்களுக்கான கழிவறை, கீழே வண்டிகள் நிற்கும் இடத்தின் கடைசியில் இருந்தது. சாவி காவலாளியிடம். காவலாளி வாசலில் இருந்தால் சாவி கிடைக்கும். அவன் மோட்டார் போடப் போயிருந்தாலோ, யாருக்காவது பெட்டி தூக்கப் போயிருந்தாலோ காத்து நிற்க வேண்டும். அதனால் வேலைக்காரிகள் யாரும் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். மேல் மாடியில் சமையல் செய்யும் பெரியவள், சின்னவளுடைய நாத்தனார், அவளை இங்கே சேர்த்துவிட்ட அன்றே சொல்லிக் கொடுத்த முதல் பாடம் அதுதான். "வாயக் கட்டிக்கோ. வேலை முடிச்சுட்டு வீட்ல போய் ஒரு குடம் குடி."

கொஞ்ச காலமாகச் சின்னவளுக்குத் தண்ணீர் குடிக்காமலே முட்டிக்கொண்டு வந்தது. போனால் நெருப்பாக எரிந்தது. ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகக் கீழே இறங்க வேண்டியிருந்தது.

ஒருநாள் அவள் மேலே வந்து கதவைத் திறந்ததும் கூடத்துச் சுவர் பேசியது.

"எங்க போன?"

"கீழ மேடம்."

"தினமும் கீழ என்ன வேலை?"

"பாத்ரூமுக்கு மேடம்."

"அதுக்கு இவ்வளவு நேரமா?"

"சாவிக்கு நிக்கணும் மேடம். காவக்காரர் இருக்கறதில்ல."

சுவர் அதற்குமேல் பேசவில்லை. ஆனால் காவலாளி பேசினான். அன்று அவள் வீட்டுக்குக் கிளம்பும்போது வாசலில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்க மேடம் என்னைக் கூப்பிட்டு விசாரிச்சாங்க. நீ கீழ யாரைப் பாக்கற, கையில ஏதாவது கொண்டாந்து குடுக்கறியான்னு" என்றான்.

"நீ என்ன சொன்ன?"

"நான் என்னத்தக் கண்டேன்? எனக்குத் தெரியாதுன்னேன்."

தெரியாது என்று அவன் சொன்ன விதம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே நடந்தாள். பெரியவள் தெருமுனையில் அவளுக்காக நின்றிருந்தாள். கூடவே நடந்து வந்தவள், வீடு நெருங்கியதும் நின்றாள்.

"உண்மையச் சொல்லு. அந்த முயலை ஏதாவது பண்ணினியா?"

"நீங்களுமா அண்ணி?"

"கோவத்துல ஒரு உதை விட்டிருந்தாலும் சொல்லிடு. நான் சேத்துவிட்ட வேலை. நாளைக்கு என் தலையிலதான் வந்து விடியும்."

"அதுக்கு உடம்பு சரியில்லன்னு முதல்ல சொன்னதே நான்தான்."

"அதான் கேக்கறேன். நீ ஏன் போய்க் காட்டின? அவங்களாப் பாத்திருப்பாங்கல்ல?"



அந்த வாரம் மோட்டார் பழுதாகிவிட்டது. காவலாளி சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆள் கூட்டிவரப் போயிருந்தான். சின்னவள் பூட்டிய கதவுக்கு முன்னால் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். பேபியைக் கழுவ வேண்டிய நேரம் தவறினால் சுவர் கேட்கும். மேலே வந்தாள். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து வாளியைப் பிடித்தாள். தண்ணீர் விழும் சத்தம் அவள் அடிவயிற்றில் விழுந்தது. இனி ஒரு அடி எடுத்து வைக்க முடியாது என்று தெரிந்ததும் கதவைச் சாத்தித் தாழிட்டாள்.

எரிச்சலில் கண்ணில் நீர் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். வந்தது கொஞ்சம்தான். லேசாகச் சிவந்திருந்தது. புல்லுக்குள்ளிருந்து முயல் அவளைப் பார்த்துக்கொண்டு மூக்கைத் துடிக்கவிட்டது.

"கதவை ஏன் சாத்தின?" வெளியிலிருந்து குரல் வந்தது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் முடியவில்லை.

"கேக்குதா? உள்ள என்ன பண்ற? பேபியை என்ன பண்ற?"

"ரெண்டு நிமிஷம் மேடம்."

"இப்பவே திற! இல்ல, காவக்காரனை மேல அனுப்புவேன்!"

துணியைச் சரி செய்தும் செய்யாமலும் தாழ்ப்பாளை நீக்கினாள். முயலைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். கேமராவின் பச்சைப் பொட்டு எரிந்துகொண்டிருந்தது.

"கிட்ட கொண்டு வா. திருப்பு. காலை விரி. இந்தப் பக்கம்." முயல் அவள் கைகளில் மல்லாந்து கிடந்தது. "சரி. இப்போ சொல்லு. கதவைச் சாத்திட்டு என்ன பண்ணின?"

சொல்லாவிட்டால் முயலை வதைத்தவள். சொன்னால் என்ன ஆகும் என்று சின்னவளுக்குத் தெரியவில்லை. முயலை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"மூத்திரம் போனேன் மேடம்."

அந்தப் பக்கம் யாரோ சிரிப்பதும் நாற்காலி நகர்வதும் கேட்டன. அலுவலகத்தில் மேடத்தைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள்.

"அந்த பாத்ரூம்லயா?"

"ஆமா மேடம். கீழ பூட்டியிருந்துச்சு. அடக்க முடியல."

"பேபி இருக்கிற இடத்துல..." என்று சொல்லிவிட்டு மேடம் நிறுத்தினாள். பச்சைப் பொட்டு அணைந்தது.

மேடம் வழக்கத்துக்கு முன்பே வந்தாள். கைப்பையைக்கூட வைக்காமல் குளியலறைத் தரையில் மண்டியிட்டு, முயலின் காலிடுக்கை விளக்கடித்துப் பார்த்தாள். பிறகு கூடை, கார், மருத்துவர். புண் ஆறிவிட்டது, பையில் அடைந்திருந்த மண் கிட்டத்தட்டப் போய்விட்டது, யார் கவனித்துக்கொண்டாலும் நன்றாகக் கவனித்திருக்கிறார்கள் என்றார் மருத்துவர். மேடத்தின் முகம் தெளிந்தது. பிறகு குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"மனுஷங்ககிட்டேருந்து இதுக்கு ஏதாவது தொத்துமா டாக்டர்? ஒரே பாத்ரூமை யாராவது..."

"அதெல்லாம் இல்லைங்க," என்று மருத்துவர் சிரித்தார்.

கூடையின் கைப்பிடியில் அவிழ்ந்திருந்த பிரம்பு நாரைச் சின்னவள் திரும்பத் திரும்பச் செருகிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அவள் வந்தபோது, ஒரு தச்சன் விருந்தாளிக் குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திருகுகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். தாழ்ப்பாளைப் பழைய காகிதத்தில் சுற்றி மேடத்திடம் கொடுத்தான்.

"உன்மேல சந்தேகம்னு இல்ல," என்றாள் மேடம், கார் சாவியைத் தேடிக்கொண்டே. "பேபிக்கு ஏதாவதுன்னா உடனே உள்ள போகணும்ல. நீ அதைக் கழுவும்போது கதவைத் திறந்தே வை. எனக்குத் தெரியற மாதிரி உக்காரு."

"சரி மேடம்."

மதியம் சின்னவள் கதவை அகலத் திறந்து வைத்து, கூடத்தைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்தாள். மடியில் வெள்ளைத் துண்டு, அதன்மேல் முயல். ஆறிய தோலில் புது ரோமம் பொடியாக முளைத்திருந்தது. அவள் களிம்புக்குக் கை நீட்டியபோது முயல் வாலைத் தூக்கியது. நடுங்கவில்லை. வெதுவெதுப்பாக, நிற்காமல், நீளமாகப் போனது. துண்டு நனைந்து அவள் முழங்கால்வரை இறங்கியது.

"என்ன அது? போகுதா?" என்றது சுவர்.

"போகுது மேடம்."

"நிறையவா?"

"நிறைய மேடம்."

"அப்பாடா. தண்ணி வை, நிறையக் குடிக்கட்டும். அதை அடக்க விட்டுடாதே."

சின்னவள் ஒரு கையால் பீங்கான் கிண்ணத்தை இழுத்து, விளிம்புவரை தண்ணீர் ஊற்றினாள். பிறகு இரண்டு தொடைகளையும் இறுக்கிச் சேர்த்துக்கொண்டு, மேடத்துக்குத் தெரிகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.