இரண்டாம் மேடு

விடிந்ததிலிருந்தே டோச்சினாய்க்கு வலது தோள் வலித்தது. ஐம்பத்தொரு வயதில் முப்பது வருஷம் பந்தயக் குதிரை ஓட்டிய தோள், பரீட்சை நாளை அதுவே தெரிந்துகொள்கிறது. இரண்டு வயதுக் குட்டிகள் இரும்புச் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு, இரண்டு மணல்மேடுகளைக் குறித்த நேரத்துக்குள் ஏறித் தாண்ட வேண்டும். தாண்டினால் பந்தயக் குதிரை. தாண்டாவிட்டால் தெற்கே இறைச்சிக்குப் போகிற லாரி. அந்த லாரி பின்வாசலில்தான் நிற்கும். அதைப் பார்க்காமல் நடக்க அவன் எப்போதோ பழகிவிட்டான்.

லாயத்துக்கு வெளியே குதிரைகளைக் காக்கிற குதிரைத்தலைக் கண்ணோன் சாமிக் கல்லுக்கு ஒரு கும்பிடு போட்டு நிமிர்ந்தால், எதிரில் ஹிசாயே. அன்று அவன் ஓட்டப்போகும் கோஹாருவைத் தாயில்லாக் குட்டியாகப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள். கோஹாரு ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றிருந்தாள். மூன்று தடவைதான் விடுவார்கள். இன்று கடைசித் தடவை.

"இந்தா தம்பி, சோத்து உருண்டை. உள்ள உப்பு மீன் வச்சிருக்கேன்."

"லஞ்சமாக்கா?"

"லஞ்சந்தான், சாப்பிடு. அவளை அடிக்காதப்பா. நான் ஒரு நாளு கை ஓங்கினதில்ல. பேரச் சொன்னாப் போதும், எங்க நின்னாலும் ஓடி வருவா."

"உங்க வயல்ல ஓடி வருவா. இங்க பின்னாடி நானூறு கிலோ இருக்கேக்கா."

"அடிக்காம ஆகவே ஆகாதா?"

ஆகாது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். உருண்டையின் சூடும் அவள் முகமும் சேர்ந்து அவன் வாயைக் கெடுத்துவிட்டன.

"பாக்கலாம்க்கா," என்றான்.

முதல் மேட்டைக் கோஹாரு ஏறிவிட்டாள். இரண்டாம் மேட்டின் அடியில் எல்லாரும் குதிரையை நிறுத்தினார்கள். இந்தப் பந்தயத்தில் நிற்பதும் ஒரு வித்தை. மூச்சு வாங்கவிட்டு, பத்து மூச்சு எண்ணி, கடிவாள வாரின் நுனியால் இரண்டு வைத்தால் குதிரை பாயும். பத்து எண்ணினான். பதினைந்தும் ஆயிற்று. கை எழவில்லை. தானாகப் போவாள் என்று காத்திருந்தான்.

"என்ன டோச்சினாய், அங்கயே கடை போட்டுட்டியா? டீ சொல்லவா?" பக்கத்துத் தடத்திலிருந்து குமகாய் கத்திவிட்டு, தன் குதிரையை ஒரு போடு போட்டு மேலே ஏறிப் போனான்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஹிசாயே வண்டியோடு வண்டியாக நடந்து வந்திருந்தாள். "கோஹாரு! வாடி கண்ணு!"

கோஹாரு காதைத் திருப்பினாள். இழுத்தாள். பாதி மேட்டில் முன்னங்கால் இரண்டும் மடங்கின. நின்று ஆறிப்போன குதிரைக்கு மேடு இரண்டு மடங்கு. இது டோச்சினாய்க்குத் தெரியாததா? முப்பது வருஷம் தின்ற சோறு இதற்குத்தான். கடிகாரத்தைப் பார்த்தான்.

அதே கடிகாரத்தை ஹிசாயேயும் பார்த்தாள். தூரத்தில் நின்ற லாரியும் அவள் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

"அடி! தம்பி, அடிச்சிடுப்பா! கோஹாரு, எந்திரிடி! கோஹாரு! அடி!"

அடித்தான். ஹிசாயே பேரைச் சொல்லிக் கத்தக் கத்த, இவன் வாரை வீசினான். கோஹாரு முழங்காலால் மணலை உழுது எழுந்தாள். மேட்டைத் தாண்டினாள். முடிவுக் கோட்டையும் மூக்கு தாண்டியது. ஆனால் இங்கே மூக்குக்கு மதிப்பில்லை. வண்டியின் வால் கோட்டைக் கடக்க வேண்டும். ஒரு கை நீளம் பாக்கி இருக்கும்போது அவள் நின்றுவிட்டாள்.

"கோஹாரு!"

அடி.

"கோஹாரு! கோஹாரு!"

ஏழு விநாடி மிச்சம் வைத்து வால் கடந்தது.

வண்டியிலிருந்து இறங்கி வாரைச் சுருட்டினான். வேறு யார்மேலும் இல்லை, தன்மேல்தான் ஆத்திரம். பத்தாவது மூச்சில் இரண்டு வைத்திருந்தால் போதும். நல்லவனாக நின்றதற்கு அவள் முதுகில் இருபது.

லாயத்தில் கோஹாருவின் முதுகிலிருந்து ஆவி பறந்தது. ஹிசாயே மடியில் கேரட்டைக் கட்டிக்கொண்டு ஓடி வந்தாள். கண்ணும் மூக்கும் சிவந்திருந்தன.

"பாஸாயிட்டா இல்ல?"

"ஆயிட்டாக்கா."

"இனி அந்த லாரி இல்ல."

"இந்த வருஷம் இல்ல," என்றான். பொய் சொல்ல அவனுக்குத் தெம்பில்லை.

அவள் கேரட்டை நீட்டி, மெதுவாக, வீட்டில் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாள். "கோஹாரு."

குதிரையின் தோல் கழுத்திலிருந்து வால்வரை சிலிர்த்தது. கோஹாரு இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் முட்டி நின்றாள். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஹிசாயே கேரட்டை டோச்சினாயிடம் கொடுத்தாள். அவன் நீட்டியதும் கோஹாரு வந்து, அடித்த அந்தக் கையிலிருந்தே கடித்துத் தின்றாள்.

"தம்பி, பாஸான குதிரைக்குப் பந்தயப் பேர் ஒண்ணு எழுதிக் குடுக்கணுமில்ல?"

"ஆமாக்கா. கோஹாருன்னே குடுத்துடலாமா?"

"வேணாம்ப்பா. வேற எழுதிடு."

"என்னன்னு எழுத?"

"என்னத்தையாவது எழுது. நான் கூப்பிடாத பேரா இருந்தாப் போதும்."