ரிட்டன் லோடு

கல்லுவண்டிக்காரர் அன்றைக்கு டயர்க்கடையில் ஒரு பொய் சொன்னார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். அதனால் சொன்ன பொய்யும் அவரைப் போலவே அசடு வழிந்தது.

"என்ன லோடுண்ணே ஏத்துவீங்க?" என்று கடைக்காரர் கேட்டார்.

"மெத்தை," என்றார் இவர்.

கடைக்காரர் வாசலில் நின்ற பிக்கப்பை எட்டிப் பார்த்தார். பின்பக்கத்து டயர் இரண்டும் மொட்டை. தொட்டி முழுக்கக் கல் தூசி. மூலையில் உடைந்த கிரானைட் துண்டு ஒன்று வேறு, நானும் இருக்கிறேன் என்று கிடந்தது.

"மெத்தைக்குள்ள பஞ்சுக்குப் பதிலா கருங்கல்லு வெச்சுத் தைக்கிறாங்க போல," என்றார் கடைக்காரர்.

இவர் கண்ணெல்லாம் ஓரமாக அடுக்கியிருந்த கார் டயர்கள் மேல்தான் இருந்தது. போய்க் கட்டைவிரலால் ஒன்றை அமுக்கினார். கொஞ்சம் இடம் கொடுத்தது. அந்தக் கொஞ்சத்துக்குத்தான் அவ்வளவு பெரிய பொய். இப்படி இடம் கொடுக்கிற டயரைப் போட்டால் தன் மனைவி மறுபடியும் வண்டியில் ஏறி உட்காருவாள் என்று அவர் மனக்கோட்டை கட்டியிருந்தார்.

கல்யாணமான புதிதிலிருந்தே வண்டியின் பக்கத்து சீட் அவளுடையது. அவர் ஓட்டுவார், அவள் பேசுவாள். வேலை அப்படித்தான் பிரிந்திருந்தது. எந்தப் பலகைக்கல் எந்த வீட்டுச் சமையலறைக்கு, யார் 'நான் கேட்ட நிறமே இது இல்லை' என்று மல்லுக்கு நிற்பார், யாரிடம் எப்படிப் பேசினால் கல் இறக்க ஒத்தாசைக்கு ஆள் கிடைக்கும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. இவருக்கோ மூன்றாவது வார்த்தைக்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும். குறுக்குச் சாலை வந்தால் அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்து, "வாங்க, வாங்க," என்பாள். அதற்கப்புறம்தான் இவர் வண்டியைத் திருப்புவார்.

போன வருஷம் ஒரு பலகை சரிந்தது. விட்டுத் தொலைப்பாளா? முதுகைக் கொடுத்துத் தாங்கினாள். பலகைக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவள் முதுகெலும்பில் டிஸ்க்தான் நகர்ந்துவிட்டது. அன்றோடு சீட் காலியானது.

வீட்டில்தானே இருக்கிறாள், அப்புறம் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் வினை. இருவரும் அத்தனை வருஷமும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசிப் பழகியவர்கள். எதிரெதிரே உட்கார வைத்தால் பேச்சே வரவில்லை. சாப்பிட்டாச்சா, ஆச்சு. மாத்திரை போட்டாச்சா, போட்டாச்சு. அதோடு கடை மூடிவிடும். அவர் சுவரைப் பார்ப்பார், அவள் ஜன்னலைப் பார்ப்பாள். ஒருநாள் ஜன்னலைப் பார்த்தபடியே, "நான் இனிமே உங்களுக்கு ஒரு பாரந்தான்," என்றாள். இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தார். பாழாய்ப்போன நாக்கு எழவில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

வண்டியில் அவள் சீட்டில் எதையுமே வைக்க மாட்டார். சாப்பாட்டுப் பையைக்கூடக் காலடியில் இடுக்கிக்கொள்வார். குறுக்குச் சாலை வந்தால் இப்போதும் பிரேக்கை மிதித்துவிட்டு ஒரு நொடி காத்திருப்பார். அந்த 'வாங்க' வராது. பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்துத் திட்டுவான். வீட்டிலேயே இருக்கிற பெண்டாட்டியை நினைத்து ரோட்டில் ஏங்குகிற ஆளை என்னவென்று சொல்வது? ஏங்கினார், அவ்வளவுதான். வீட்டுக்குப் போனாலும் அந்த ஏக்கம் தீரவில்லை.

போன வாரம்தான் டாக்டர், "வண்டியில போய் வரலாம்மா. ஆனா தூக்கிப் போடக் கூடாது," என்றார். வீட்டுக்கு வந்ததும் அவள் வாசலில் நின்ற பிக்கப்பை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைதான் இவரை டயர்க்கடைக்குத் துரத்தியது.

"உண்மையைச் சொல்லுங்கண்ணே," என்றார் கடைக்காரர், ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு.

இவர் சொன்னார். திக்கித் திணறி, முன்னும் பின்னுமாகச் சொன்னார். கடைக்காரர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"கார் டயர் மெத்துன்னுதான் இருக்கும். நான் இல்லேங்கல. ஆனா உங்க கல்லை ஏத்தினா நசுங்கும், நசுங்கினா சூடாகும், வெயில்ல ஓடி ஓடி ஒருநாள் வெடிக்கும். அக்கா பக்கத்துல இருக்கும்போது வெடிச்சா?"

இவர் பேச்சை மாற்றுவதுபோல மேலே மாட்டியிருந்த பளபள அலாய் வீலைக் காட்டி, "அதுவாவது?" என்றார்.

"அது வெறுமனே சுத்துற வண்டிக்கு மினுக்கிக்க. பாரத்தோட ஒரு பள்ளத்துல விட்டா விரிசல் கண்டுரும். உங்களுக்கு இரும்பு ரிம்முதான் சரி. டயரு இது." கடைக்காரர் வேறொன்றை உருட்டி வந்தார். "எவ்வளவு தாங்கும்னு பக்கவாட்டுலயே போட்டிருக்கு, பாருங்க."

இவர் நம்பரைப் பார்க்கவில்லை. கட்டைவிரலால் அமுக்கினார். விரல்தான் வலித்தது. முகம் தொங்கிப்போய்விட்டது.

"காலியா ஓட்டினா குதிக்கும்ணே, பொய் சொல்ல மாட்டேன். ஆனா பாரம் ஏறிருச்சுன்னா அப்படியே அமுங்கிப் படுத்துக்கும். பாரம் இருக்கிற வரைக்கும் நீங்க சொன்ன மெத்தையேதான்."

"பாரம் இருந்தா குதிக்காதா?"

"குதிக்காது."

இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். அப்புறம், "மாட்டிருங்க," என்றார்.

மறுநாள் காலையில் தொட்டி நிறையப் பலகைக்கல் ஏற்றி, கயிறு கட்டி, வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். உள்ளே போய், "வர்றியா?" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்க வரவில்லை.

"தூக்கிப் போட்டா?"

"போடாது. பாரம் இருக்கு."

அவள் தலையணை ஒன்றை எடுத்துக்கொண்டாள். படிக்கு ஸ்டூல் போட்டு ஏறினாள். வண்டி கிளம்பியது. தெருமுனைப் பள்ளம் வந்தபோது இருவருமே மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். வண்டி மெல்ல இறங்கி மெல்ல ஏறியது. கடைக்காரர் சொன்னது சத்தியம். ஆனாலும் அவள் பயம் விடவில்லை. கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, கண்ணை மூடாத குறையாக உட்கார்ந்திருந்தாள். குறுக்குச் சாலை வந்தது. இவர் நிறுத்திக் காத்திருந்தார். அவள் திரும்பவே இல்லை. தானே எட்டிப் பார்த்து வண்டியைத் திருப்பினார். பரவாயில்லை, பக்கத்தில் இருக்கிறாளே, அது போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். போதவில்லை.

கட்டுகிற வீட்டு வாசலில் ஆட்கள் கல்லை இறக்கினார்கள். ஒவ்வொரு பலகை இறங்க இறங்க, வண்டியின் பின்பக்கம் மேலே எழும்பியது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றவருக்குப் பாதியில்தான் உறைத்தது. போகும்போது பாரம் இருக்கிறது, சரி. வரும்போது? கல்லுவண்டிக்கு எந்தக் காலத்தில் ரிட்டன் லோடு கிடைத்திருக்கிறது? காலம் பூராவும் காலியாகத்தான் திரும்பி வந்திருக்கிறார். அதைப் போய் மறந்திருக்கிறாரே, இந்த மனுஷனை என்ன செய்ய?

அவளும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "ஏங்க, ஒரு காரு பிடிச்சு என்னை அனுப்பிருங்க," என்றாள். கொஞ்சம் கழித்து, "ஒரு தடவை வந்துட்டேன்ல. போதும்," என்று சேர்த்தாள். சொல்லிவிட்டுத் தலையணையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

அந்தப் 'போதும்' அவரை என்னவோ செய்தது. விறுவிறுவென்று மேஸ்திரியிடம் போனார். பக்கத்தில் பழைய சுவரை இடித்த கட்டிகள் குன்றாகக் குவிந்து கிடந்தன.

"இது... இதை நான் எடுத்துக்கவா?"

மேஸ்திரி ஏற இறங்கப் பார்த்தார். "குப்பைங்க அது. உங்களுக்கு எதுக்கு?"

"பாரம் வேணும்."

"என்னது?"

"பாரம். பாரம் இல்லாம என்னால வீட்டுக்குப் போக முடியாது." நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆனாலும் விடவில்லை. "அவ கூட வரணும். அவ இல்லாம வண்டி ஓட்டி ஓட்டி... எனக்குப் பிடிக்கல மேஸ்திரி."

மேஸ்திரிக்கு ஒரு எழவும் புரியவில்லை. ஆனால் வண்டி ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே இருந்தவளுக்குப் புரிந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையை வெளியே நீட்டினாள்.

"மேஸ்திரி, இந்தக் குப்பையை அள்ள நீங்க எப்படியும் ஒரு வண்டி பிடிக்கத்தான் போறீங்க. நாங்க சும்மாவே எடுத்துட்டுப் போறோம். உங்க ஆளை விட்டு ஏத்தி மட்டும் குடுங்க. சரிதானே?"

மேஸ்திரி முகம் மலர்ந்தது. "அப்படிச் சொல்லுங்கம்மா. இவரு என்னென்னமோ சொல்றாரு."

"அவருக்கு அவ்வளவுதான் வரும். ஏம்ப்பா, ஒரே பக்கமாக் குவிக்காதீங்க, மட்டமாப் பரப்புங்க. பெரிய கட்டி எல்லாம் முன்னாடி."

இவர் கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றார். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. ஆட்கள் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு, அவிழ்ந்திராத முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

திரும்பும் வழியெல்லாம் அவள் வாய் ஓயவில்லை. மேஸ்திரியின் மீசையிலிருந்து பக்கத்து வீட்டுக்காரியின் புது சோபா வரைக்கும் ஒன்று பாக்கியில்லை. அவர் 'ம்' கொட்டிக்கொண்டு வந்தார். அவருக்கு வேறென்ன வேண்டும்?

"இந்த இடிசலை எங்க கொட்டப் போறீங்க?" என்று நடுவில் கேட்டாள்.

"தெரியல."

"நம்ம வாசல் பள்ளத்துல கொட்டுங்க. நாளைக்கு வர்றப்ப வேற ஏதாவது பாத்து ஏத்திக்கலாம்."

நாளைக்கு என்றாளா? சரியாகத்தான் காதில் விழுந்ததா? திரும்பக் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. குறுக்குச் சாலை வேறு வந்துவிட்டது. வழக்கம்போல பிரேக்கை மிதித்தார். காத்திருந்தார். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.

அவள் கைப்பிடியை விட்டாள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அந்தப் பக்கம் பார்த்தாள்.

"வாங்க," என்றாள். "வாங்க, வாங்க."